கேட்ச்மென்ட் ஏரியா: ஒரே சொல்லில் அடங்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம் டீச்சர் தன் பள்ளிக்கான புவியியல் சொற்பட்டியலில் ‘கேட்ச்மென்ட் ஏரியா’வுக்கு (ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ ஆட்கள் வந்து சேர்கிற சுற்றுவட்டாரம்) எதிரே கட்டத்தைக் காலியாக விட்டு, தமிழ்ச் சொல் கேட்டு அனுப்பினாலும் அனுப்பினார், ஆளுக்கொரு சொல்லோடு கிளம்பிவிட்டோம். பிடிப்புப் பகுதி, பற்றுப்பரப்பு, ஈர்ப்புப் பகுதி, சேவை எல்லை. ஒவ்வொருவர் தருகிற எடுத்துக்காட்டும் அவரவர் சொல்லுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அடுத்தவர் எடுத்துக்காட்டில் வைத்தால் உதைக்கிறது. நாம் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் மூன்று பொருளை அடைத்து வைத்திருக்கிறது. நாமும் அடைத்தாக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

முதலில் ‘பிடிப்புப் பகுதி’யை ஓரம் கட்டிவிடலாம்.

//நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாணவரையோ நோயாளியையோ வைத்தால் வேலை முடிந்தது.//

செங்கம் நண்பர் எழுதியது. ஆங்கிலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். மழைநீர் வடிந்து வந்து சேர்கிற நிலப்பரப்பின் பெயரைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஆனால் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளி வாசலில் ‘மாணவர் பிடிப்புப் பகுதி’ என்று பலகை வைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிடும். ‘நோயாளி பிடிப்புப் பகுதி’ அதைவிட மோசம். பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் தரகர்கள் செய்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

சரி, மூன்று பொருள் என்றேன். வேலூரை வைத்தே பார்ப்போம்.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. அதன் கீழே வரும் துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000, மலையில் 3,000. எந்தக் கிராமம் எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்பது காகிதத்தில் எழுதி முடித்த விஷயம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டைத் திறந்தால் குக்கிராமங்களின் பேர்கள் வரிசையாக இருக்கும். ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆள்கூட அங்கே வைத்தியத்துக்குப் போகாவிட்டாலும் அந்தக் கிராமம் அந்த நிலையத்தினுடையதுதான். ரேஷன் கடையும் காவல் நிலையமும் இப்படித்தான்.

இன்னொரு பக்கம் சி.எம்.சி. எனும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்துக்கு இன்று மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தால் லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து. சாப்பாட்டுக் கடைகளில் வங்காளப் பக்குவத்தில் மீன் குழம்பு. இந்தப் பரப்பை எந்த அரசாணையும் ஒதுக்கித் தரவில்லை. ஆட்கள் வருவதால் உண்டான பரப்பு இது; வருவது நின்றால் பரப்பும் போய்விடும். வரைபடத்தில் போட்டால் ஒரே துண்டாகவும் இருக்காது. சித்தூர், குடியாத்தம் பக்கம் ஒரு திட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு திட்டு.

மூன்றாவதுக்கு நம் வாயிலேயே சொல் இருக்கிறது: சுத்துப்பட்டு. “வேலூர் சுத்துப்பட்டுல எங்க கேட்டாலும் சொல்வாங்க” என்கிறோமே, அதுதான். லாங் பஜாருக்குச் சரக்கெடுக்க வருகிறவர், கல்லூரிக்கு வருகிற பிள்ளை, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் எல்லோரும் சேர்ந்து ஒரு நகரத்தைத் தங்கள் நகரம் என்று நினைக்கிற வட்டாரம். ஜெர்மானியப் புவியியலார் இதற்கு ‘உம்லாண்ட்’ என்கிறார்கள். சுற்றியுள்ள நிலம் என்றுதான் பொருள். எழுத்தில் ‘சுற்றுப்பட்டு’ என்று போட்டுக்கொள்ளலாம்.

முதல் இரண்டுக்குச் சொல் தேடி நான் போனது ஏரிக்கரைக்கு. பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு. அதனால் இந்தப் பக்கம் விவசாயம் ஏரியை நம்பி வளர்ந்தது, ஏரியைச் சுற்றி நுட்பமான சொற்களும் வளர்ந்தன. வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால்வாயில் தண்ணீர் வருகிறது; ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. வருகிற பக்கத்துப் பேச்செல்லாம் வரத்து: வரத்துக் கால்வாய், நீர்வரத்து. போய்ப் பாய்கிற நிலம் ஆயக்கட்டு. ஆங்கிலக்காரர் ஏரியின் ஒரு பக்கத்துச் சொல்லை மட்டும் கடன் வாங்கி இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டார். நம்மிடம் இரண்டு பக்கத்துக்கும் சொல் இருக்கிறது.

பொருத்தம் மேலோட்டமானதும் இல்லை. ஆயக்கட்டு பதிவேட்டில் ஏறிய நிலம். ஏரி வறண்டு கிடந்தாலும் இன்னின்ன நிலம் இந்த ஏரியின் ஆயக்கட்டு என்பது மாறாது. சுகாதார நிலையத்துக்கு ஒதுக்கிய கிராமங்களும் அப்படித்தானே? வரத்து அந்தந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. கூடும், குறையும், தூர்ந்தும் போகும். சி.எம்.சி.க்கு வருகிற கூட்டமும் அந்த வகைதான். ஆகவே ஒதுக்கிய பரப்புக்கு ‘சேவை ஆயக்கட்டு’ (பள்ளி ஆயக்கட்டு, மருத்துவ ஆயக்கட்டு என்று தேவைக்கேற்ப), ஆட்கள் உண்மையில் வருகிற பரப்புக்கு ‘வரத்துப் பரப்பு’ என்பது என் முன்மொழிவு.

எது ஆயக்கட்டு, எது வரத்துப் பரப்பு என்று மாணவருக்குத் தடுமாற்றம் வந்தால் ஒரு சோதனை சொல்லித்தரலாம். பல்லவர் செப்பேடுகளில் தானம் கொடுத்த நிலத்தின் எல்லையைச் சுற்றி வந்து ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று வரும். எல்லையில் கல் நட முடியுமா? முடிந்தால் ஆயக்கட்டு, முடியாவிட்டால் வரத்து.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டு நுட்பம் என்று நினைப்பவர்கள் 2019ஐ நினைத்துப் பார்க்கலாம். வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. கலெக்டர் ஆபீஸின் ஆயக்கட்டு ஒரே நாளில் மூன்றாக உடைந்தது. திருப்பத்தூர்க்காரர் மனு கொடுக்க வேலூர் வரை வரவேண்டிய தேவை போனது. ஆனால் ஆற்காட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வேலூருக்கு வருவது நின்றதா? அரக்கோணம் இன்னும் விநோதம். 2019க்கு முன்பு வேலூரின் ஆயக்கட்டில் இருந்தது, இப்போது ராணிப்பேட்டையின் ஆயக்கட்டில் இருக்கிறது. ஆனால் அதன் ஆட்கள் அப்போதும் இப்போதும் மின்தொடர் வண்டியில் ஏறிப் போவது சென்னைக்குத்தான்; அந்த வகையில் அது சென்னையின் வரத்துப் பரப்பு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள், நாக்குச் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம் ஆட்சேபங்கள்.

//ஆயக்கட்டு தெலுங்கிலும் இருக்கிறதே, அது தமிழ்தானா?//

தெலுங்கிலும் இருக்கிறது என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் போகிறவரை, வேலூரும் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். இரண்டு மொழி விவசாயிக்கும் புரிகிற சொல் எல்லையோர மாவட்டத்துக்கு வசதி. ஏரி நிரம்பும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்கள் ‘ஆயக்கட்டு விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று எழுதுகின்றன. யாரும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஐயாவின் ஆட்சேபம் இதைவிட கனமானது. ஒரு துறையில் சட்டப் பொருளோடு நிலைத்துவிட்ட சொல்லை இன்னொரு துறைக்கு இழுத்தால் ஆவணத்தில் குழப்பம் வரும் என்கிறார். முன்னொட்டு இல்லாமல் வெறும் ‘ஆயக்கட்டு’ என்று எழுதினால் வரும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ‘சேவை’ என்பதை விடக்கூடாது என்கிறேன். மற்றபடி நீரியலிலிருந்து மனிதப் புவியியலுக்குச் சரக்கு வருவது புதிதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் உள்ள பரப்பைப் பிரித்துக் காட்டுகிற தீசன் பலகோணத்தை இன்று பள்ளிக்கும் கடைக்கும் போடுகிறோம். ஆல்ஃப்ரெட் தீசன் 1911இல் அதைச் சொன்னது மழைமானிகளை வைத்துச் சராசரி மழையைக் கணக்கிடுவதற்கு.

‘நோயாளி வரத்து’ என்றால் தக்காளி வரத்து மாதிரி இருக்கிறது, மனுஷனைச் சரக்காக்குகிறது என்று ஆரணித் தங்கை எழுதியிருந்தார். இந்தச் சொல் சந்தையிலும் புழங்குவது உண்மைதான், அந்த வாசனை எனக்கும் அடிக்கிறது. ஆனால் போக்குவரத்து என்கிறபோது யாருக்கும் அது உறுத்துவதில்லையே. ‘வருகைப் பரப்பு’ என்று மாற்றினால் மரியாதை கூடும், உண்மை. என் தயக்கமெல்லாம், ‘வருகை’ ஒருதரம் வந்துபோவதைச் சொல்கிறது, ‘வரத்து’ ஓயாமல் வருவதைச் சொல்கிறது என்பதுதான். பெரும்பான்மை ‘வருகை’ பக்கம் போனால் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினால் நேரடிப் பயன் உண்டு. சேவை ஆயக்கட்டை அழுத்தமான கோட்டால் அடைத்து, உள்ளே வண்ணம் நிரப்பலாம். வரத்துப் பரப்புக்கு அது பொய்யான படம். அதற்குப் புள்ளிப் படமோ, வருகிற எண்ணிக்கைக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடுகிற பாய்வுக் கோடுகளோதான் நேர்மை. சுற்றுப்பட்டுக்கு விட்டுவிட்டு வருகிற கோடு. அதுவும் ஊராரைக் கேட்டுப் போட வேண்டிய கோடு. லண்டனில் 1854இல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ பிராட் தெருப் பம்பைச் சுற்றிச் செத்தவர்களைக் குறித்த படம் எல்லோருக்கும் தெரியும். அதன் பிந்தைய வடிவத்தில் அவர் ஒரு கோடும் போட்டார் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அந்தப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் நடைதூரம் சமமாகிற இடங்களை இணைத்த கோடு. அந்தப் பம்புக்கு யாரும் தெருக்களை ஒதுக்கித் தரவில்லை. எந்தத் தெருக்காரர் எங்கே தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார் என்று நடையை வைத்து ஊகித்த வரத்துப் பரப்பு அது. தெருவில் நடக்கும் தூரத்தை எடுத்தாரே, காக்கை பறக்கிற தூரத்தை எடுக்கவில்லையே, அதற்காகவே அந்தப் படத்தை வகுப்பில் காட்டவேண்டும்.

ஏரிச் சொற்களில் இன்னும் ஒன்று மட்டும் கேட்பேன்: கடைமடை. ஆயக்கட்டுக்குள் பேர் இருந்தும் தண்ணீர் எட்டாத நுனி. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்கிற தாலுகாவில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை மாதிரி மலை ஊராட்சிகளை நினைத்தால் இந்தச் சொல்லின் வலு புரியும். பதிவேட்டில் சேவை உண்டு, எட்டுவதுதான் பாடு. ‘சேவை குறைந்த விளிம்புப் பகுதி’ என்று நாலு சொல்லில் எழுதுவதைக் ‘கடைமடை’ என்று எழுதினால் டெல்டா மாணவனுக்கும் விளங்கும். மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிகிற இடம்) என்று முழு ஏரியையும் இழுத்துவந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதைக் ‘கலங்கல்’ ஆக்கவேண்டும் என்று ஒருவர் தனி மடலில் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏற்றப்படுகிறவரை வழிந்தோடிய தண்ணீர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹிண்டர்லாண்டுக்கு, அதாவது ஒரு துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற உள்நாட்டுப் பகுதிக்கு, ‘பின்னிலம்’ இருக்கட்டும், ஆனால் துறைமுகத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் சரக்கு கப்பலேறுகிற கணக்கில் அவை சென்னைத் துறைமுகத்தின் பின்னிலம். வேலூரை ஒட்டிய பாகாயத்தை வேலூரின் பின்னிலம் என்று எழுதினால் கடலைத் தேடவேண்டியிருக்கும்.

டீச்சர் பட்டியலில் அடுத்த காலிக் கட்டங்கள் ஊர்கள் எங்கே, எவ்வளவு பெரிதாக அமைகின்றன என்று விளக்குகிற, ஜெர்மானியப் புவியியலார் கிறிஸ்டாலரின் 1933 மைய இடக் கோட்பாட்டிலிருந்து வந்த ‘ரேஞ்ச்’, ‘த்ரெஷோல்ட்’. ஒரு பொருளுக்காக ஆட்கள் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது முன்னது. ஒரு கடையோ மருத்துவமனையோ கட்டுப்படியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது பின்னது. ‘போகுதூரம்’, ‘தாங்குதொகை’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். போகுதூரத்தில் எனக்கே முழுத் திருப்தியில்லை, இறுதிச் சடங்கு நெடி கொஞ்சம் வருகிறது. சர்வேயர் ஐயாவும் ஆரணித் தங்கையும் ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் டீச்சருக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து