ரோடு ஐஸா கெடக்குறப்ப சைக்கிள்ல வேலைக்குப் போறது: தைரியமா, திமிரா?

நடராஜா சர்வீஸ்:
போன வாரம் வலது மணிக்கட்டு உடைஞ்சு போச்சு, ஒத்தக் கையால தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. (பேரையும் இன்னைக்குத்தான் மாத்தினேன், காரணம் சொல்ல வேண்டியதில்ல.) அஞ்சு வருசமா பனிக்காலத்துலயும் சைக்கிள்லதான் ஆபீஸ் போறேன், மெதுவா போனா ஒண்ணும் ஆகாதுன்னு பாக்குறவங்க கிட்டெல்லாம் லெக்சர் அடிச்ச ஆளு நான். அன்னைக்கும் மெதுவாத்தான் போனேன். ரோடு கறுப்பா பளபளன்னு இருந்துச்சு, ராத்திரி மழை பெஞ்ச ஈரம்னு நெனச்சேன், பாலத்துல ஏறி லேசா இடது பக்கம் ஹேண்டிலைத் திருப்பினதுதான் ஞாபகம், முன்சக்கரம் எங்க போச்சுன்னே தெரியல, கீழ கையை ஊணிட்டேன், டப்புனு ஒரு சத்தம். எந்திரிச்சுப் பாத்தா கை ஸ்பூன் கணக்கா வளைஞ்சு நிக்குது. அதனால சொல்றேன், சைபர் டிகிரிக்கு கீழ போனா சைக்கிளை வீட்டுல வெச்சுட்டுப் போங்க, ரெண்டு சக்கரத்துக்கும் ஐஸுக்கும் ஒத்தே வராது. திட்டுறவங்க திட்டிக்கோங்க.

செயின்கவர்:
அண்ணே மொதல்ல கை சீக்கிரம் கூடட்டும். ஆனா ஒண்ணு கேக்கணும், என்ன டயர் போட்டிருந்தீங்க?

நடராஜா சர்வீஸ்:
சாதா டயர்தான், 28 எம்எம் அகலம், காத்து கல்லு மாதிரி அடிச்சிருந்தேன். டயர் கதைக்குத்தான் வருவேன்னு தெரியும், வா.

செயின்கவர்:
வந்துட்டேன். அண்ணே, கோச்சுக்காதீங்க, வெறுங்கால்ல ஆணி மேல நடந்துட்டு நடக்குறதே தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு. ஆணி டயர்னு ஒண்ணு இருக்குறது உங்களுக்குத் தெரியாததில்ல. ரப்பருக்குள்ள டங்ஸ்டன் கார்பைடு முனை வெச்ச குட்டி ஆணி நூத்துக்கணக்குல பதிச்சிருப்பான், சும்மா இரும்பு ஆணியா இருந்தா தார் ரோட்டுல தேஞ்சே போயிடும், இது வருசக்கணக்கா நிக்கும். ஷ்வால்பே, சுவோமி டயர்ஸ்னு ரெண்டு கம்பெனியும் இதைப் போடுறாங்க. வாங்கினவுடனே ஐஸ்ல எறங்கக் கூடாது, மொத 40, 50 கிமீ காஞ்ச ரோட்டுல அமைதியா ஓட்டணும், அப்பதான் ஆணி ரப்பருக்குள்ள நல்லா உக்காரும், இல்லேன்னா உதிர்ந்துடும். காத்தும் கம்மி பண்ணணும், கம்மியானாத்தான் ஓரத்து வரிசை ஆணியும் ரோட்டைத் தொடும். ஒரு டயருக்குத்தான் காசு இருக்குன்னா முன்னாடி போடுங்க. பின்சக்கரம் சறுக்கினா சுதாரிச்சுக்கலாம், முன்சக்கரம் போச்சுன்னா நீங்களும் கூடவே போறீங்க.

கணக்குப்பிள்ளை:
நடுவுல வர்றேன், நான் எந்தக் கட்சியும் இல்ல. காஞ்ச தார் ரோட்டுல டயருக்கு உராய்வு எண், அதாவது ரோட்டைப் பிடிக்கிற அளவு, சுமாரா 0.7, ஐஸ்ல 0.1, ஐஸ் மேல தண்ணி நின்னா 0.05க்குக் கூட எறங்கிடும். சைக்கிள் சாஞ்சுதான் திரும்பும், அதை மாத்த முடியாது. 0.1னா ஆறு டிகிரிக்கு மேல சாஞ்சா சக்கரம் ஓடிடும், ஆறு டிகிரிங்கிறது கண்ணுக்கே தெரியாது. மணிக்கு 15 கிமீ வேகத்துல காஞ்ச ரோட்டுல ரெண்டரை மீட்டர் ஆரத்துல திரும்பிடலாம், ஐஸ்ல 18 மீட்டர் வேணும், எந்தத் தெருமுனையில 18 மீட்டர் கெடைக்கும்? வேகத்தை 10 ஆக்கினா 8 மீட்டர் போதும், ஏன்னா ஆரம் வேகத்தோட வர்க்கமா போகுது. அதனால அண்ணன் மெதுவா போனது தப்பே இல்ல, ஆனா ரொம்ப மெதுவா போனா பேலன்ஸுக்கு ஹேண்டில் இப்படி அப்படி ஆடும், அந்த ஆட்டமே வழுக்க வெச்சுடும். பாலத்துல மெதுவா ஏறி வளைச்சாரு, அங்கதான் மாட்டினாரு.

அரைப்பெடல்:
டயர் பக்தர்களுக்கு ஒரு கேள்வி. நீ விழல, சரி. உன் பின்னாடி வர்ற காருக்கு ஆணி டயர் நீ போட்டு விடுவியா? எனக்கு பயம் என் டயர் மேல இல்ல தம்பி, பின்னாடி ரெண்டு டன்னை ஓட்டிட்டு வர்றவன் பிரேக் பிடிக்கிறப்போ அது நிக்காம வந்து என் மேல ஏறுறது மேலதான். ஐஸ்ல அவன் 30ல வந்தாலே நிக்க முப்பது நாப்பது மீட்டர் வேணும். இன்னொண்ணு, ஆணி வழவழ ஐஸுக்குத்தான் லாயக்கு. நேத்து ஜனங்க நடந்த கால்தடமும் கார் போன தடமும் ராத்திரில அப்படியே உறைஞ்சு கல்லாயிருக்கும் பாரு, அந்தப் பள்ளத்துல சக்கரம் எறங்கினா தண்டவாளத்துல மாட்டின மாதிரிதான், அங்க ஆணி என்ன பண்ணும்? மண்ணாங்கட்டி.

செயின்கவர்:
உறைஞ்ச தடம் விஷயத்துல நீங்க சொல்றது கரெக்ட், அங்க நான் எறங்கித் தள்ளிட்டுப் போயிடுவேன், அதுல என்ன கௌரவக் குறைச்சல். கார் விஷயத்துக்கு, மெயின் ரோட்டுல போகாம சந்துல போங்க, அஞ்சு நிமிஷம் லேட்டாகும். ஆனா இந்த வாதப்படி பாத்தா ஐஸ் நாள்ல நடந்தும் போகக் கூடாது, நடைபாதை மேலயும்தான் கார் ஏறும்.

அரைப்பெடல்:
சந்துலதான் பனியே அள்ளமாட்டான், அதுதான் நீ சொல்ற வழியா? நல்லா இருக்கு.

உறைபனி உமா:
ரெண்டு பேரும் டயரையும் காரையும் பிடிச்சு இழுக்குறீங்க, ரோட்டை யாரு பாக்குறா? பின்லாந்துல ஊலுன்னு ஒரு ஊரு, ஆர்க்டிக் வட்டத்துக்கு கொஞ்சம் தெற்கே, 2013ல குளிர்கால சைக்கிள் மாநாடே மொதமொதல்ல அங்கதான் நடந்துச்சு. ஜனவரில ஸ்கூல் பசங்க சைக்கிள்ல போறது அங்க பேச்சே இல்ல. அவங்க எல்லாம் வீர பரம்பரையா? இல்ல. சைக்கிள் பாதையில பனியை காலையிலயே தள்ளி, மிச்சத்தை அழுத்தி, மேல சரளைக்கல் தூவி வெச்சுடுவாங்க. நம்ம பக்கம் என்ன நடக்குது, ரோட்டுல இருக்குற பனி மொத்தத்தையும் தள்ளிக் கொண்டாந்து சைக்கிள் லேன்லதான் குவிக்கிறான், அப்புறம் அதுவே பகல்ல உருகி ராத்திரி கண்ணாடியாகுது. உப்பு போட்டாலும் சைக்கிள் பாதையில சரியா வேலை செய்யாது, கார் டயர் அரைச்சு அரைச்சுதான் உப்பு பனியோட கலக்கும், சைக்கிளுக்கு அந்த எடை கெடையாது. ஸ்டாக்ஹோம்ல அதனாலதான் மொதல்ல பிரஷ் போட்டுக் கூட்டிட்டு அப்புறம் உப்புத் தண்ணி தெளிக்கிறாங்க. ஆள் மேல பழி போடுறது ஈஸி.

நடராஜா சர்வீஸ்:
அக்கா, ஊலு நல்ல ஊருதான், ஆனா நான் ஊலுல இல்லையே. பாதையை யாராவது ஒழுங்கா வெப்பாங்கன்னு காத்துட்டிருந்தா இன்னொரு கையும் போயிடும். இன்னைக்கு இருக்குற ரோட்டுல நாளைக்குக் காலையில என்ன பண்றதுன்னுதான் என் கேள்வி, அதுக்கு என் பதில் சைபருக்கு கீழ நோ.

உறைபனி உமா:
அப்ப ஒண்ணு கேக்குறேன் தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விழுந்த அன்னைக்கு போன்ல எத்தனை டிகிரி காட்டுச்சு?

நடராஜா சர்வீஸ்:
...பிளஸ் 1.

அரைப்பெடல்:
😂😂 சாரிண்ணே, சிரிக்கக் கூடாது.

உறைபனி உமா:
அதான் சொல்ல வந்தேன். போன்ல காட்டுறது காத்தோட சூடு, ரோட்டோடது இல்ல. வானம் தெளிவா இருந்த ராத்திரில ரோடு தன் சூட்டை மேல விட்டுட்டு காத்தை விட ஜில்லாயிடும். பாலம் இன்னும் மோசம், அடியில மண்ணு இல்ல, மேலயும் கீழயும் காத்து, மொதல்ல உறையுறது அதுதான். உங்க சைபர் ரூல் இருந்திருந்தாலும் அன்னைக்கு சைக்கிள் எடுத்திருப்பீங்க, அதே பாலத்துல அதே மாதிரி விழுந்திருப்பீங்க. மைனஸ் 15ல காஞ்ச பனி காலடில கறுக்கு கறுக்குனு சத்தம் போடும், டயர் நல்லா பிடிக்கும். உருகி உருகி உறையுற நாள்தான் எமன்.

செயின்கவர்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ரோடு ஈரமா தெரியுது, ஆனா போற கார் சக்கரத்துல தண்ணி தெறிக்கல, அந்த ஸ்ஸ்ஸ் சத்தமும் இல்லேன்னா அது தண்ணி இல்ல, ஐஸ். நான் வாசல்லயே ஷூவை ஒரு தேய் தேச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்.

கணக்குப்பிள்ளை:
மைனஸ் 15ல வேற வம்பு இருக்கு. பெடல் மிதிச்சா பின்சக்கரத்தைப் பிடிச்சு சுத்த வெக்கிற ஃப்ரீவீல் உள்ள கிரீஸ் கெட்டியாகி பல்லு ஒட்டிக்கும், பெடல் மிக்ஸி மாதிரி சும்மா சுத்தும், சைக்கிள் நகராது. எனக்கு நட்ட நடு சிக்னல்ல நடந்திருக்கு, அந்த அசிங்கம் யாருக்கும் வேணாம்.

நடராஜா சர்வீஸ்:
எல்லாம் படிச்சேன். அக்கா சொன்னதால என் ரூல் தப்புன்னு ஒத்துக்குறேன், ஆனா நீங்க நெனைக்கிற முடிவு எனக்கு வரல. தெர்மாமீட்டரை நம்பக் கூடாது, கண்ணை நம்பக் கூடாது, பிளஸ்ல கூட உறையும்னா எப்பதான் நம்புறது? காலையில ஷூவைத் தேய்ச்சு என் வாசல் எப்படி இருக்குன்னு பாக்கலாம், மூணு கிமீ தள்ளி இருக்குற பாலத்தை இங்கேருந்து எப்படித் தேய்க்கிறது?

செயின்கவர்:
அதுக்குத்தான்ணே ஆணி டயர். எங்க ஐஸ் இருக்குன்னு தெரியாததுனாலதான் நவம்பர்லயே மாட்டிட்டு மார்ச்லதான் கழட்டுறேன். காஞ்ச ரோட்டுல கரகரன்னு சத்தம் வரும், வேகமும் கொறையும், சகிச்சுக்கணும்.

அரைப்பெடல்:
பாலத்துல எறங்கித் தள்ளலாம். இல்ல பஸ்ல போகலாம். உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழாது.

நடராஜா சர்வீஸ்:
பஸ்லதான் போறேன், கட்டு பிரிக்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. இன்னைக்குக் காலையில ஸ்டாப்புக்கு நடந்து போறப்ப திரும்பவும் வழுக்கிட்டேன், நல்ல வேளை ஒரு கம்பத்தைப் பிடிச்சேன். வீட்டுல சொல்லல.

செயின்கவர்:
ஷூல மாட்டுற ஆணியும் இருக்குண்ணே, ரப்பர் வளையம் மாதிரி

நடராஜா சர்வீஸ்:
தம்பி நீ சும்மா இரு.