எல்லை தாண்டி வரும் புகை, வரும் வழியிலேயே வலுவிழந்துவிடாதா?

கேள்வி:
எங்கள் பகுதியைச் சுற்றி ஆலைகளோ நெடுஞ்சாலையோ கிடையாது. ஆனாலும் பத்து நாட்களாக வானம் மங்கிக் கிடக்கிறது. எல்லைக்கு அப்பால் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் காடு எரிவதே காரணம் என்கிறார்கள். சன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், தூசி ஒட்டவில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள என் தாயார் நேற்றிரவு மூன்று முறை எழுந்து இன்ஹேலரைத் தேடினார். இவ்வளவு தூரம் வந்த புகைக்கு இன்னும் அந்தக் கடுமை இருக்குமா?

மறுமொழி 1:
விரலில் தூசி ஒட்டாததை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். கனமான துகள்கள் கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே விழுந்துவிடும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களோ, மழை கழுவி இறக்கும்வரை பல நாட்கள் மிதந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் செல்லக்கூடியவை. மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் காற்றறைகள்வரை இறங்குபவையும் அவையே. ஆகவே தொலைவு கடந்து வரும் புகையில் எஞ்சி நிற்பது, உடலுக்கு மிகவும் தீங்கான பகுதிதான். மூச்சிரைப்போடு நில்லாமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழிவகுக்கிறது. செறிவு குறைவது உண்மையே. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், வெகுவாகக் கலைந்த புகைகூட அதை எளிதில் மீறிவிடும்.

மறுமொழி 2:
காட்டுத்தீ மட்டுமல்ல, ஆலைப் புகையும் இப்படித்தான். புகைபோக்கியிலிருந்து வாயுவாகக் கிளம்பும் கந்தக டைஆக்சைடு, பயணத்தின்போதே சல்பேட் நுண்துகளாக மாறிவிடுகிறது. புகைபோக்கியை உயர்த்தினால் சிக்கல் தீரும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தக் கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கி மீன்களை அழித்தது. அதன் பிறகே 1979இல், எல்லை தாண்டும் காற்று மாசைக் குறைப்பதற்கான ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது, கந்தக வெளியேற்றமும் பெருமளவு குறைந்தது. தென்கிழக்காசியாவில் புகைமூட்ட உடன்படிக்கை 2002இல் கையெழுத்தானாலும், கரிநிலங்கள் (மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு நிலங்கள்) எரியும் இந்தோனேசியா அதை ஏற்க 2014 ஆயிற்று. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் புகையினால் பள்ளிகளை மூட நேர்ந்தது. புகை கிளம்பும் நாடு ஒப்பமிட்டுச் செயல்படுத்தாதவரை, புகையைச் சுவாசிக்கும் நாடுகளின் கையொப்பத்துக்கு வலுவில்லை என்பதே என் கருத்து.

மறுமொழி 3:
உங்கள் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே இரவில் மூன்று முறை இன்ஹேலர் தேவைப்பட்டது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். புகை விலகட்டும் என்று காத்திராமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை சன்னல்களை மூடி, வீட்டுக்குள் எதையும் எரிக்காமல் இருங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 வகை தேவை, அதுவும் அவருக்கு மூச்சு முட்டாத பட்சத்தில் மட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தூசி தெரியாததால் நேற்று இரவும் சன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். இப்போது மூடிவிட்டேன், மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கிளம்புகிறோம்.