வன்னியில் வீட்டு யுனிக்ஸ் கணினிக்கு: யூஎஸ்பி டொங்கிளா, கேபிள் ரவுட்டரா?

ஒட்டுசுட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம் வைத்திருக்கிறேன். கொழும்பில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. தூரத்துக் கணினியில் வேலை செய்யும் எஸ்எஸ்எச் இணைப்பு பகல் முழுக்க அறுகாமல் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வரவில்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. 4ஜியை விட்டால் வழியில்லை.

போன மாதம் ஒரு கடையில் யூஎஸ்பி டொங்கிள் (சிம் போடும் சின்ன மோடம்) வாங்கினேன். எந்தக் கொம்பியூட்டரிலும் குத்தினால் சரி என்றார்கள். குத்தினேன். திரையில் வந்தது 'சீடி0' என்று ஒரு சீடி ட்ரைவ்! வலையமைப்பு என்று எதுவும் இல்லை. இரண்டு இரவு இருந்து ஒருமாதிரி ஏற்றினேன். ஆனால் பெரிய கோப்பு ஒன்றை மேலே அனுப்பத் தொடங்கினால் டொங்கிள் கழன்று, திரும்பச் சீடியாக வந்து நிற்கிறது. இதோடேயே மல்லுக்கட்டுவதா, வேறு மோடம் வாங்குவதா?

பரந்தன் சந்தி:
வேறு வாங்குங்கள் தம்பி. யோசிக்கவே தேவையில்லை. ஈத்தர்நெட் துளை உள்ள 4ஜி ரவுட்டர் ஒன்று எடுங்கள். கேபிளைக் குத்தினால் டிஎச்சிபி வழியாகத் தானாக முகவரி தரும், அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, லினக்ஸ் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். ட்ரைவர் என்ற கதையே வராது.

தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் காலத்திலும் இதே பாடுதான். யூஎஸ்பி மோடம் வாங்கியவர்கள் ஃபேர்ம்வெயர் (மோடத்துக்குள் ஏற்றும் மென்பொருள்) தேடி அலைந்தார்கள். ஈத்தர்நெட் மோடம் வாங்கியவர்கள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள். நான் முதல் கூட்டத்தில் இருந்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்டாவளை:
அண்ணை, டொங்கிளை அப்படி ஒரேயடியாகத் தள்ள ஏலாது. அந்தச் சீடி ஒரு பழுதே இல்லை. விண்டோஸ் ட்ரைவரை உள்ளேயே வைத்து விற்பதற்காக முதலில் சீடியாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சின்ன நிரல் ஒரு கட்டளை அனுப்பினால் அது மோடமாக மாறும். சாதனம் குத்துவதைக் கவனிக்கும் டெவ்டி என்ற நிரலில் ஒரு விதி எழுதிவிட்டால் கழன்று வந்தாலும் தானாக மாறிக்கொள்ளும். பிறகு பல டொங்கிள்கள் 'யூஈ0' என்ற சாதாரண ஈத்தர்நெட் போலவே நிற்கும்.

ரவுட்டர் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பல மலிவுப் பெட்டிகளுக்கு வாங்கிய நாளுக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பும் வருவதில்லை. நிறுவனம் தரும் பெட்டி என்றால் அவர்களே தூரத்திலிருந்து அமைப்பை மாற்றலாம். யுனிக்ஸ் வைத்திருப்பவனுக்குத் தன் தீச்சுவர் (ஃபயர்வோல்) தன் கையில் இருக்க வேண்டும். எனக்கு பிஎஃப் என்ற தீச்சுவர் இருக்கிறது, விதிகள் நான் எழுதியவை. அதற்கு முன்னால் தெரியாத பெட்டி எதற்கு?

பரந்தன் சந்தி:
தம்பி, நீங்கள் சொல்லும் 'யூஈ0' டொங்கிளைத் திறந்து பாருங்கள். 192.168.8.1 போல ஒரு முகவரியில் தனக்கென்று வலைப்பக்கம் வைத்து, உங்களுக்கு உள் முகவரி ஒன்று தருகிறது அல்லவா? அதுவும் ஒரு ரவுட்டர்தான், சின்னப் பெட்டி. தெரியாத பெட்டி அங்கேயும் இருக்கிறது. பழைய சீரியல் முறையில் உங்கள் கணினியே பிபிபி இணைப்பைப் போட்டால் மட்டும்தான் உங்கள் வாதம் நிற்கும்.

பெட்டியை நம்பவில்லை என்றால் நம்ப வேண்டாம். ரவுட்டருக்குப் பின்னால் உங்கள் பிஎஃப்பை வையுங்கள், யார் தடுத்தது?

கண்டாவளை:
அது சரி, அந்த இடத்தில் நான் பிசகிவிட்டேன். ஆனால் கறண்ட் விஷயத்தில் விடமாட்டேன். மாரியில் மணிக்கணக்காகக் கறண்ட் போகும். மடிக்கணினியில் டொங்கிள் என்றால் பற்றரியிலேயே ஓடும். ரவுட்டர் அந்த நொடியே செத்துவிடும்.

நெடுங்கேணி:
இடையில் வருகிறேன். நான் மோட்டார் வேலைக்காரன், வீட்டில் லினக்ஸ் பாவிக்கிறேன். பல வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட் டிசியில் ஓடுபவை, அடப்டரில் எழுதியிருக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி 84 வாட்-மணி. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆகவே 42. ரவுட்டர் 6 வாட் இழுத்தால் ஏழு மணித்தியாலம். எங்கள் வீட்டில் இதைத்தான் செய்திருக்கிறேன். ஒரு கவனம்: சார்ஜ் ஆகும்போது பற்றரி 14 வோல்ட்டுக்கு மேலே போகும். நேரே கொழுவாமல் நடுவில் ஒரு ரெகுலேட்டர் போடுங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பிக்கு: மேலே அனுப்பும்போது கழன்றால் அது ட்ரைவர் இல்லை, கறண்ட் போதாமை என்றே நினைக்கிறேன். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டவர் தூரமானால் மோடம் சத்தமாகக் கத்த வேண்டும், அப்போது கூட இழுக்கும். உங்கள் சிக்னல் எவ்வளவு? கோடுகளைச் சொல்ல வேண்டாம், மோடத்தின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும்.

ஒட்டுசுட்டான்:
மேசையில் மைனஸ் 113.

நெடுங்கேணி:
அதுதான் நோய். மைனஸ் 80 என்றால் நல்லது, 100 வரை சமாளிக்கலாம், 110 தாண்டினால் எந்த மோடமும் திணறும். முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு பெட்டியைப் பற்றிக் கதைப்போம்.

பரந்தன் சந்தி:
நான் கேபிள் கேபிள் என்று கத்துவதும் இதற்குத்தான். யூஎஸ்பி வயர் ஐந்து மீற்றரோடு முடிந்துவிடும். ஈத்தர்நெட் நூறு மீற்றர் போகும். நகரத்தில் மேசையில் வைத்தாலும் எடுக்கும். இங்கே டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் காடு. சிக்னல் இருக்கும் இடத்தில் மோடம் இருக்கட்டும், கதிரை இருக்கும் இடத்தில் கணினி இருக்கட்டும். வாங்கும்போது வெளி அன்டெனா துளை இருக்கிறதா, சிம் பூட்டு இல்லையா, உங்கள் சேவையின் பாண்ட் (அலைவரிசை) அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வேகத்தைக் காட்டி விலை சொன்னால் அதைக் கணக்கெடுக்க வேண்டாம்.

கண்டாவளை:
கேபிளை வெளியே இழுத்தால் மின்னலுக்கு என்ன செய்வீர்கள் அண்ணை? ஐப்பசியில் எங்கள் பக்கத்தில் ஒரு முழக்கத்தோடு மோடமும் மதர்போர்டும் ஒன்றாகப் போன வீடு உண்டு.

பரந்தன் சந்தி:
முழக்கம் கேட்டால் இரண்டு பக்கமும் கழற்றி வைக்க வேண்டும். அதற்கு மறுபேச்சில்லை. சேர்ஜ் புரொடெக்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒட்டுசுட்டான்:
நேற்றுச் சித்தப்பாவின் ரவுட்டரை இரவல் வாங்கி வீடு முழுக்கக் கொண்டு திரிந்தேன். மேசையில் 113. வடக்கு யன்னலில் 108. ஏணி வைத்துக் கூரைக்கு உள்ளே, முகட்டு வளைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்: 97! 16 டெசிபெல் என்றால் நாற்பது மடங்கு. அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி எண்ணை வாசித்தா.

அப்படியே கேபிள் கொழுவி 2 ஜிபி கோப்பு ஒன்றை மேலே அனுப்பினேன். எஸ்எஸ்எச் அசையவில்லை. ஆனால் வெளியிலிருந்து என் கணினிக்குள் வர முடியவில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.71 என்று தொடங்குகிறது.

கண்டாவளை:
அது சீஜிநாட். 100.64 முதல் 100.127 வரை நிறுவனம் பலருக்கும் பொதுவாக ஒரு முகவரியைப் பங்கிடும்போது வருவது. டொங்கிளிலும் அதே கதைதான், இதில் ரவுட்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே வாடகைக்கு ஒரு சின்னச் சேர்வர் எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி 13.2இலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. 25 செக்கனுக்கு ஒரு கீப்அலைவ் (இணைப்பை விழிப்பாக வைக்கும் சின்னச் செய்தி) வையுங்கள், பாதை மூடாது.

டொங்கிளை எறியாதீர்கள். தனிக் கறண்ட் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், ரவுட்டர் படுத்த நாளுக்கு உதவும்.

ஒட்டுசுட்டான்:
சரி. நாளைக்கு மாங்குளம் போய் 20 மீற்றர் கேபிள் எடுக்கிறேன், கூடவே ஹப்பும். நெடுங்கேணி அண்ணை, கூரைக்குள் பகலில் நல்ல வெக்கை. பெட்டி தாங்குமா, இல்லை அன்டெனாவை மட்டும் மேலே வைக்கட்டா?

நெடுங்கேணி:
அன்டெனாவை மட்டும் மேலே வையுங்கள். அன்டெனா வயரை இயன்ற அளவு கட்டையாக எடுங்கள், நீளம் கூடினால் கிடைத்த டெசிபெல் அதற்குள்ளேயே போய்விடும்.