குட்டைவால் சுண்டெலியில் கால்பங்கு எங்கே போகிறது?

பவானி மாணவி:
முதுகலை விலங்கியல் படிக்கிறேன். இரண்டு குட்டைவால் சுண்டெலிகளை இணைத்தால், பிறக்கும் குட்டிகளில் குட்டைவால் இரண்டு, நீளவால் ஒன்று என்ற விகிதமே வருகிறது. மெண்டல் கணக்கில் மூன்றுக்கு ஒன்று அல்லவா? கால்பங்கு கருவிலேயே இறந்துவிடுவதாகப் பாடத்தில் ஒரே வரி. வால் மரபணு உயிரை எப்படி வாங்கும்? வெள்ளிக்கிழமை தேர்வு.

ஈரோடு ஓய்வாசிரியர்:
அம்மணி, அதை வால் மரபணு என்று எண்ணுவதில்தான் சிக்கல். 1927இல் பாரிசில் டோப்ரோவோல்ஸ்கயா-ஜவாட்ஸ்கயா என்ற அம்மையார் கண்டு எழுதியது குட்டைவாலைத்தான். கிரேக்கத்தில் அதே பொருள் தரும் ‘பிராக்கியூரி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1990இல் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் புரதம் டிஎன்ஏவில் அமர்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கும் படியெடுத்தல் காரணி என்பது பிறகு தெளிவானது.

கரு தலையில் தொடங்கி வாலில் முடிகிறது. உங்கள் ஊர் ஜமக்காளத் தறியை நினைத்துக்கொள். பின்முனையில் மீசோடெர்ம் (கருவின் நடுப்படலம்) செல்கள் வந்துகொண்டே இருந்தால்தான் உடல் நீளும். அந்த வரத்தை நடத்துவது இந்தக் காரணி. ஒரு பிரதி பழுதானால் பாவு பாதியாகிறது, கடைசியில் நெய்யும் வால் குட்டையாகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து இரண்டும் பழுதானால், அதுதான் கால்பங்கு, முன்கால் மொட்டுக்குப் பின்னால் உடலே சரியாக அமையாது. நோட்டோகார்ட் என்ற முதுகுநாணும் இராது.

பவானி மாணவி:
பின்னுடல் இல்லாததால்தான் இறக்கிறதா ஐயா?

ஈரோடு ஓய்வாசிரியர்:
அதைவிட அவசரமான காரணம் உண்டு. தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடியை உண்டாக்க எட்டிப் பிடிக்க வேண்டிய அலன்டாயிஸ் என்ற திசுவும் மீசோடெர்மிலிருந்துதான் வளர்கிறது. அது வளராவிட்டால் கருவுக்குத் தாயின் தொடர்பு கிடைக்காது. பத்தாம் நாள் வாக்கில் இறந்துவிடும். சுண்டெலிக்குக் கர்ப்பகாலமே ஏறக்குறைய இருபது நாள். கரு இறந்து சில நாள் கழித்துக் கருப்பைக் கொம்பை, அதாவது கருப்பையின் ஒரு கிளையை, திறந்தால், அவரைக்காயில் விதைபோல வரிசையாக இருக்கும் கருக்களுக்கு நடுவே சூம்பிய கறுப்புப் பொட்டு ஒன்றிரண்டு தெரியும். விடைத்தாளில் அந்தப் படத்தைப் போடு. காணாமல் போன கால்பங்கு அதுதான்.

தறிக்காரர்:
ஐயா, ஒரு திருத்தம். நீளவாக்கு நூலான பாவைத் தறியில் ஏற்றும்போதே முழு நீளத்துக்கும் இழுத்துவிடுவோம். நெய்ய நெய்ய உள்ளே வந்து சேர்வது குறுக்கு நூலான ஊடை. நீங்கள் சொல்லும் செல் வரத்து ஊடைதானே?

ஈரோடு ஓய்வாசிரியர்:
ஊடைதான். முப்பது வருடம் வகுப்பில் பாவு என்றே சொல்லித் தொலைத்திருக்கிறேன். அம்மணி, திருத்திக்கொள்.