டென்னசியில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் தெரிவு ஏன் குழம்பியது?

ஹட்டன் ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் உதைபந்தாட்ட அணிக்குப் புதிய பயிற்றுவிப்பாளரைத் தெரிவுசெய்ய அதிபர் ஐவர் குழுவொன்றை அமைத்திருக்கிறார்; அதில் நானும் ஒருவன். இத்தகைய தெரிவுகள் எங்கெல்லாம் பிழைத்துப்போயின என்று தேடி வாசித்தபோது, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் 2017ஆம் ஆண்டு பட்ட பாடு கண்ணில் பட்டது. அங்கே ஆடுவது றக்பியை ஒத்த அமெரிக்கக் கால்பந்து என்பதையும், அவர்களுடைய மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம் என்பதையும் அறிவேன். பணத்துக்கும் ஆளணிக்கும் குறைவில்லாத அந்த இடத்தில், ஒருவரை நியமிக்க முடிவெடுத்து அன்றிரவே கைவிடும் நிலை எப்படி வந்தது? தவறு தெரிவுசெய்தவருடையதா, எதிர்த்து நின்ற கூட்டத்தினுடையதா? அடுத்த வாரம் எங்கள் குழு கூடுகிறது. அதற்கு முன் விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கண்டி வாசகர்

ஆசிரியர் அவர்களே, றக்பி பார்த்தே வளர்ந்தவன் என்பதால் அந்த ஆட்டத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மிசூரி அணியிடம் 50–17 என்று தோற்ற மறுநாள், 2017 நவம்பர் 12 அன்று, பயிற்றுவிப்பாளர் புட்ச் ஜோன்ஸ் நீக்கப்பட்டார். அந்தப் பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. ஒரே பருவத்தில் 8 தோல்விகளை அவ்வணி அதற்கு முன் கண்டதில்லை. விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஜோன் கரி அப்பதவிக்கு வந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. நவம்பர் 26 அன்று அவர், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராக இருந்த கிரெக் ஷியானோவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டார். செய்தி வெளியான சில மணி நேரத்தில் மாணவர்கள் திரண்டனர். வளாகத்தில் எவரும் எழுதக்கூடிய பெரும்பாறையில் எதிர்ப்பு வாசகம் தீட்டப்பட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தனர். அன்றிரவே பல்கலைக்கழகம் பின்வாங்கியது. உடன்படிக்கையில் கரியும் ஷியானோவும் ஒப்பமிட்டிருந்தார்கள். வளாகத் தலைவரின் ஒப்பம் அதில் இருக்கவில்லை. முழுக் குழப்பத்தின் ஆணிவேர் அந்த இல்லாத ஒப்பம்தான் என்பது என் துணிபு.

அதன் பின் கரி ஓடிய ஓட்டத்தைத் தேடல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒக்லஹோமா மாநிலம், பர்டியூ, வட கரோலினா மாநிலம் ஆகிய பல்கலைக்கழகங்களின் பயிற்றுவிப்பாளர்களுடைய பெயர்கள் அடுத்தடுத்து அடிபட்டன. மூவரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டனர். நவம்பர் 30 அன்று கரி லொஸ் ஏஞ்சலிஸ் சென்று, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் மைக் லீச்சைச் சந்தித்தார். மறுநாள் கரியே இடைநிறுத்தப்பட்டார். அவருடைய இடத்துக்கு, 1998இல் அவ்வணிக்குத் தேசியப் பட்டம் பெற்றுக்கொடுத்த முன்னாள் பயிற்றுவிப்பாளர் பிலிப் புல்மர் வந்து, டிசம்பர் 7 அன்று அலபாமா பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளர் ஜெரமி புரூயிட்டைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தார். உயர்பாடசாலை வீரர்கள் டிசம்பரிலேயே பல்கலைக்கழகங்களுடன் ஒப்பமிடும் முறை அந்த ஆண்டுதான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்திருந்தது. ஆகவே அவசரம் எல்லோர் கழுத்தையும் நெரித்தது.

பண்டாரவளை ஆசிரியை

கண்டி அண்ணா எழுதியவற்றோடு, ஷியானோவை ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் 1990களின் முற்பகுதியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். அதே குழுவில் இருந்த ஜெரி சன்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்த குற்றத்துக்காக 2012இல் தண்டிக்கப்பட்டார். ஷியானோவுக்கு அதில் ஏதோ தெரிந்திருந்தது என்று வேறொருவர் சொல்லக் கேட்டதாக, 2015இல் ஒருவர் சாட்சியமளித்தார். அது 2016இல் பகிரங்கமானது. ஷியானோ அதனை முற்றாக மறுத்தார். அப்படிச் சொன்னதாகக் கூறப்பட்டவரும் மறுத்தார். ஷியானோ மீது எந்த வழக்கும் தொடுக்கப்படவில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எழும் கேள்வியை நான் ஒருபோதும் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் செவிவழிச் செய்தியை வைத்து ஒரு மனிதரின் பெயரைப் பாறையில் எழுதியது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். ஓராண்டுக்கு மேலாகப் பகிரங்கமாக இருந்த அந்தச் சாட்சியத்தைக் கரி முன்கூட்டியே எடுத்து ஆராய்ந்து, தம் முடிவை மேலிடத்துக்கும் மக்களுக்கும் விளக்கியிருந்தால், அல்லது விளக்க இயலாது என்று கண்டு அழைக்காமலே விட்டிருந்தால், இரு தரப்பும் காப்பாற்றப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷியானோவையே தலைமைப் பயிற்றுவிப்பாளராக அழைத்துக்கொண்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தலவாக்கலை ஓய்வுபெற்ற அதிபர்

தம்பி, அவசரத்தின் விலை அங்கே மூன்று ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. புரூயிட்டின் கீழ் அணி 16 ஆட்டங்களில் வென்று 19இல் தோற்றது. வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த விதிமீறல்களுக்காக 2021 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். 200க்கும் மேற்பட்ட மீறல்கள் கண்டறியப்பட்டு, 2023இல் பல்கலைக்கழகத்துக்கு 8 மில்லியன் டொலருக்கும் அதிகமான அபராதம் விதிக்கப்பட்டது. புல்மர் விலகிய பின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராக வந்த டானி வைட், முன்பு தம்முடன் பணியாற்றி, தாம் நன்கு அறிந்திருந்த ஜோஷ் ஹைப்பலை ஒரு வாரத்துக்குள் நியமித்தார். 2022இல் அவ்வணி 11 ஆட்டங்களில் வென்றது. ஆகவே விரைவை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆளை அறியாத விரைவுதான் கெடுத்தது.

நான் முன்பு பணியாற்றிய பாடசாலையொன்றில், கொழும்பில் வசிக்கும் பழைய மாணவர்கள் தொலைபேசியிலேயே பேசி ஒரு பயிற்றுவிப்பாளரை அனுப்பிவைத்தார்கள். திறமையானவர், நல்லவரும்கூட. ஆனால் பயிற்சியை மாலை ஆறு மணி வரை நடத்தினார். மேற்பிரிவு லயங்களுக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கே போய்விடும்; இருட்டில், தேயிலை மலையின் குறுக்குப் பாதையில், அட்டைக் கடியோடு பிள்ளைகள் நடந்தார்கள். இரண்டு மாதத்தில் பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். நியமனத்துக்கு முன் ஒரு தாயிடமாவது கேட்டிருந்தால் பஸ் நேரத்தைச் சொல்லியிருப்பார். அதிபராக இருந்த நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஹட்டன் ஆசிரியர்

ஐயா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நியமனக் கடிதத்தில் இறுதியாக ஒப்பமிடும் அதிகாரம் அதிபருக்கா, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கா என்பதை எழுத்தில் தரும்படி இன்று காலை கேட்டுவிட்டேன். பட்டியலில் உள்ள மூவரும் முன்பு பயிற்சியளித்த பாடசாலைகளுக்கு நேரில் சென்று, பிள்ளைகளிடம் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று விசாரிக்க இருவரை அனுப்புகிறோம். வியாழக்கிழமை அணித் தலைவனையும் மேற்பிரிவிலிருந்து இரண்டு பெற்றோரையும் சந்திக்கிறேன். பஸ் நேரத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவேன்.