1900 நேப்பர்வில் பதிப்பு: வாஷிங்டன் கைகழுவிய நூலைச் சுயசரிதை என்பதா?

அச்சுப்பிழை:
பழைய புத்தகப் பட்டியல் ஒன்றில், அடிமையாகப் பிறந்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் 'தி ஸ்டோரி ஆஃப் மை லைஃப் அண்ட் வொர்க்' விலைக்கு வந்திருக்கிறது. இல்லினாய் மாநிலம் நேப்பர்வில், ஜே. எல். நிக்கல்ஸ் நிறுவனம், 1900. 'டஸ்கீகி கல்வி நிலையத்தை நிறுவியவரின் முதல் சுயசரிதை, முதல் பதிப்பு' என்கிறது குறிப்பு. (டஸ்கீகி, அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய பள்ளி.) விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

முதல் பதிப்புதான், மறுக்கவில்லை. சுயசரிதை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தவர் எட்கர் வெப்பர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். 1899 கோடையில் வாஷிங்டன் ஐரோப்பாவில் இருந்தார்; கைப்பிரதியை அவர் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. புத்தகம் பிழைகளோடு வந்தது, வெப்பருக்கு வேலை போயிற்று, 1901இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் 'அப் ஃப்ரம் ஸ்லேவரி' என்று தன் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னார். எழுதியவராகப் பெயர் போட்டவருக்கே பிடிக்காத நூலுக்கு நான் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஓலைநறுக்கு:
பிடிக்காதது உண்மை. கைகழுவினார் என்பது மிகை. திருத்தி, அதே நிறுவனத்தின் வழியாகத் தொடர்ந்து விற்கவிட்டார். இன்னொருவர் கை பட்டதால் தள்ளுபடி என்றால் 1901 புத்தகத்தையும் தள்ளுங்கள். மேக்ஸ் பென்னட் த்ராஷர் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளரின் உதவி இல்லாமல் இதைத் திருப்தியாகச் செய்து முடித்திருக்க முடியாது என்று அதன் முன்னுரையில் வாஷிங்டனே எழுதியிருக்கிறார்.

அச்சுப்பிழை:
அதே முன்னுரையில், ரயிலிலும் ஓட்டலிலும் ரயிலுக்குக் காத்திருந்த ஸ்டேஷனிலும் உட்கார்ந்து எழுதியதாகவும் சொல்கிறாரே ஐயா, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உதவி வேறு, ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவது வேறு. 1900 நூலில் பாதிக்கு மேல் மேடைப் பேச்சுகள், கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள் என்று திணித்து வைத்தது போல இருக்கிறது. படித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மல்லிகா_ர:
திணிப்பு நிறையத்தான். ஆனால் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தீர்களா?

அடிமை வாழ்வில் தன் மனத்தில் ஆழப் பதிந்த காட்சி எது என்று அங்கே ஓரிடம் வருகிறது. வளர்ந்த ஆண், அவருடைய மாமன், ஒரு விடியற்காலையில் மரத்தில் கட்டப்பட்டு, உடம்பில் துணியின்றி நிற்கிறார். யாரோ மாட்டுத்தோல் சாட்டையால் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் 'எஜமானே, கருணை காட்டுங்கள்' என்று அலறுகிறார். அந்தக் குரலைச் சாகும்வரை சுமப்பேன் என்கிறார் வாஷிங்டன்.

இப்போது 'அப் ஃப்ரம் ஸ்லேவரி'யைத் திறங்கள். அந்த மாமனும் இல்லை, மரமும் இல்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் என் எஜமானர்கள் அப்படியொன்றும் கொடியவர்கள் அல்லர் என்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எஜமானரின் மகன் பில்லி செத்த செய்தி வந்தபோது அடிமைக் குடில்களில் எழுந்த துக்கத்தைப் பரிவோடு விவரிக்கிறார். சாகும்வரை சுமப்பதாகச் சொன்னது ஓர் ஆண்டுக்குள் எங்கே போயிற்று?

யாருக்காக எழுதினார் என்று பார்த்தால் விளங்கும். முதல் நூலை முகவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இரண்டாவது, 'அவுட்லுக்' என்ற அமெரிக்க வார இதழில் தொடராக வந்தது. வடக்கத்திய வெள்ளையர் படித்தார்கள், நன்கொடையும் அங்கிருந்துதான் வர வேண்டும். வந்தது. 1903இல் எஃகுத் தொழிலதிபர் கார்னெகி டஸ்கீகிக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தார். சாட்டையடியைப் படித்த கையோடு யாரும் காசோலை எழுத மாட்டார்கள் என்று வாஷிங்டனுக்கு நன்றாகவே தெரியும். அவசரத்தில் வந்த மோசமான புத்தகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எறிந்தது அதில்தானே இருக்கிறது? நான் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன்.

தென்காசியான்:
விவாதம் நடக்கட்டும். வாங்குகிறவர் இரண்டு விஷயம் கவனியுங்கள். தலைப்புப் பக்கத்தில் 1900 என்று இருக்க வேண்டும். 1901 திருத்திய பதிப்பையும் 'முதல்' என்று தலையில் கட்டுகிறார்கள். முகவர்கள் கையில் எடுத்துப்போன மாதிரிப் பிரதியாகவும் இருக்கலாம்: சில பக்கங்கள் மட்டும் அச்சடித்து, பின்னால் வாங்குவோர் பெயர் எழுதக் கோடிட்ட வெற்றுத்தாள் வைத்திருப்பார்கள். அதில் பென்சிலில் பெயர்கள் இருந்தால் என் கணக்கில் முழுப் புத்தகத்தைவிட மேல். படங்கள் ஃப்ராங்க் பியர்ட் வரைந்தவை. ஒன்றும் கிழிக்கப்படவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சுப்பிழை:
மல்லிகா அம்மா, அந்த இடத்துக்கு அத்தனை கனம் கொடுத்தது வாஷிங்டனா வெப்பரா என்று யார் சொல்வது? நீக்கியது வாஷிங்டன்தான் என்பது மட்டும் நிச்சயம். அப்படியானால் 1901 நூலில்தான் அவருடைய கை தெரிகிறது.

மல்லிகா_ர:
நீக்குவதிலும் மறைப்பதிலும் அவர் கை தெரியும், சந்தேகமே இல்லை. மேடையில் பொறுமை பொறுமை என்றவர், அலபாமாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிரான ஜைல்ஸ் வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். 1903இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு அது. பின்னால் பேராசிரியர் லூயிஸ் ஹார்லன் அவருடைய கடிதக் கட்டுகளைப் பதிப்பித்தபோதுதான் இந்த ரகசியங்கள் முழுமையாக வெளிவந்தன. இப்படிப்பட்டவர் அச்சில் காவல் வைக்க மறந்த ஒரு புத்தகம் கிடைக்கிறது, நீங்கள் எழுத்துப்பிழையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓலைநறுக்கு:
வெப்பரும் கறுப்பினத்தவர் என்பதை யாருமே யோசிக்கவில்லையே. அந்தச் சாட்டையடியைக் கேட்டு வாங்கி எழுதியவர் அவராக இருந்தால் புத்தகத்தின் மதிப்பு எப்படிக் குறையும்?

அச்சுப்பிழை:
குறையாது. ஆனால் பட்டியலில் வெப்பர் பெயரையும் போட்டு விற்கட்டும்.

மல்லிகா_ர:
போடட்டும். 1901க்கு த்ராஷர் பெயரும் ஏற வேண்டும்.

அச்சுப்பிழை:
அதற்கு ஆட்சேபணை இல்லை. இந்த விலைக்குத்தான் ஆட்சேபணை. விற்பவருக்கு எழுதி, தென்காசியான் சொன்ன தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.