பூனைக்கு வீட்டிலேயே சலைன் ஏத்துறவங்க இருக்கீங்களா? முன்னங்கால் தலகாணி மாதிரி வீங்கிடுச்சு

அயனாவரம் கருப்பி வீடு:

எங்க கருப்பிக்கு 13 வயசு. போன தீபாவளிக்கு 4.1 கிலோ இருந்தா, இப்ப 3.2. தண்ணி குடிக்கிறதும் லிட்டர் ட்ரேயை நனைக்கிறதும் ஜாஸ்தியா இருக்கேன்னு தூக்கிட்டுப் போனா, ரத்தத்துல கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, கிரியாட்டினின், 4.8. கிட்னி போயிட்டிருக்கு, பழையபடி ஆகாது, ஆனா நல்லபடியா வச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னார். ரெண்டு நாள் அங்கேயே நரம்புல ஏத்தினாங்க. அப்புறம், "இந்த வெயில்ல பூனையைக் கூடையில வச்சுக்கிட்டு ஆட்டோவில அலையாதீங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.லி. ரிங்கர் லாக்டேட்ங்கிற ட்ரிப்ஸை நீங்களே தோலுக்கடியில போட்டுடுங்க"ன்னு கத்துக்கொடுத்து அனுப்பிட்டார். அவர் செஞ்சு காட்டினப்போ பூ தொடுக்கிற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா வேற கதை.

முதல்ல ஊசி. டாக்டர் பிங்க்னு சொன்னது மட்டும் ஞாபகம். மெடிக்கல்ல "ட்ரிப்ஸுக்கு பிங்க் குடுங்க"ன்னு கேட்டேன். பிரிச்சுப் பார்த்தா கையில நரம்புல சொருகி வைப்பாங்களே, அந்த வென்ஃப்ளான். திரும்பப் போய் சாதா ஊசி கேட்டா கறுப்பு கொடுத்தாங்க. ஜன்னல் கம்பியில துப்பட்டாவால பாட்டிலைக் கட்டி, வீட்டுக்காரர் கருப்பியைத் துண்டுல சுத்திப் பிடிக்க, கழுத்துக்குக் கீழே தோலைத் தூக்கிக் குத்தினேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆயும் பாதிகூட இறங்கின மாதிரி தெரியல. பிளாஸ்டிக் பாட்டில் சப்பிப் போனதுல எவ்வளவு போச்சுன்னே கணக்கு கிடைக்கல. துண்டை உதறிட்டு பீரோ மேல ஏறிட்டா.

ராத்திரி பார்த்தா ஏத்தின தண்ணி முதுகுல தேங்கி நின்ன உருண்டையைக் காணோம், இடது முன்னங்கால் தலகாணி மாதிரி தொங்குது. "நீர் கோத்துக்கிச்சு, எங்கியோ தப்பாக் குத்திட்டே"ன்னு மாமியார். காலையில வத்திடுச்சு. ஆனா அந்த ராத்திரி நான் தூங்கல. இது சாதாரணம்தானா?

இன்னொண்ணு. மாமனாருக்கு ஜுரம் வந்தப்போ வாங்கினதுல டி.என்.எஸ்.ங்கிற குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ரெண்டு பாட்டில் பிரிக்காம இருக்கு. கருப்பி சரியாவே சாப்பிடறதில்ல, அதுல குளுக்கோஸ் இருக்கே, ஒருவேளை அதைப் போட்டா தெம்பா இருக்குமா? மாமியார் வேற இளநீர் குடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க.

ஐ.சி.யூ. நைட் ஷிஃப்ட்:

அக்கா, நான் மனுஷங்க ஆஸ்பத்திரி நர்ஸ். பூனை வைத்தியம் தெரியாது, ஊசி மட்டும் சொல்றேன். உங்க மேலயும் தப்பில்ல, கடைக்காரர் மேலயும் தப்பில்ல. கலர் கணக்கு சாதா ஊசிக்கு ஒண்ணு, கான்யுலாவுக்கு (அதான் அந்த வென்ஃப்ளான்) வேற ஒண்ணு. சாதா ஊசியில பிங்க்னா 18 நம்பர். கான்யுலாவில பிங்க்னா 20, அங்க 18-க்குப் பச்சை. புதுசா சேர்ற பொண்ணுங்களே இதுல ஒரு தடவையாவது முழிப்பாங்க. கறுப்பு ஊசி 22, ரொம்ப மெலிசு, அதான் இறங்கல. கடையில கலர் சொல்லாதீங்க, "18 நம்பர் நீடில்"னு நம்பர் சொல்லிக் கேளுங்க. தடிமனா இருக்கேன்னு பயப்படாதீங்க. பூனை பொறுமை இழக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.

அளவுக்கு ஒரு வழி. சமையலறைத் தராசு இருக்கா? ஏத்துறதுக்கு முன்னாடி பாட்டிலை நிறுங்க, முடிஞ்சதும் நிறுங்க. 100 கிராம் குறைஞ்சிருந்தா 100 மி.லி. உள்ள போயிருக்கு. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பரவாயில்ல. சப்பிப் போன பாட்டிலோட கோட்டை நம்பறதுக்கு இது எவ்வளவோ மேல். நடுவுல சொட்டு நின்னா ஊசியை வெளிய எடுக்காம மெதுவா அரைச் சுத்து திருப்புங்க, முனை தோல்ல ஒட்டியிருக்கும். பாட்டிலைப் பிசைஞ்சு தள்ளாதீங்க.

திருவல்லிக்கேணி பூனைக்காரி:

தங்கச்சி, காலுக்கு இறங்கினதைப் பத்திக் கவலைப்படாத. தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்? என் கிழவன் பூனைக்கு ஒருநாள் நெஞ்சுக்கு இறங்கும், ஒருநாள் காலுக்கு. விடிஞ்சா இருக்காது.

விடிஞ்சும் அப்படியே இருந்தாத்தான் பயப்படணும். அதை நான் பாடமாப் படிச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி கோயில் குளத்துப் பக்கம் மூணு நாய்க்குட்டி, ரத்தமா பேதி, வாந்தி. நாய்க்குட்டிகளுக்கு வர்ற பார்வோ வைரஸ்னு எனக்கே தெரிஞ்சுது. ராத்திரி பதினோரு மணி, பூனைக்குப் போட்டுப் பழகின கைதானேன்னு ரொம்ப மோசமா இருந்த குட்டிக்கு 60 மி.லி. தோலுக்கடியில போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில உருண்டை போட்டது போட்டபடி இருந்துச்சு. குட்டி இல்ல. மத்த ரெண்டையும் தூக்கிட்டு ஓடினப்போ டாக்டர் சொன்னார்: உடம்பு சில்லுனு ஆனபிறகு தோலுக்கு ரத்தமே வராதும்மா, நீங்க ஊத்தினது பையில ஊத்தின தண்ணி மாதிரி அங்கேயே நிக்கும். அதுல ஒண்ணுக்கு நரம்பே கிடைக்காம தொடை எலும்புக்குள்ள ஊசி இறக்கி ஏத்தினார். கண்ணால பார்த்தேன். இப்ப அது எங்க தெருவுல எல்லாரையும் குலைக்குது.

உன் கருப்பி என்னைக்காவது காது, பாதமெல்லாம் சில்லுனு துவண்டு கிடந்தா பாட்டிலைத் தொடாத. ஆட்டோ பிடி.

வேப்பேரியில் படித்தவன்:

நாய், பூனை பார்க்கிற டாக்டர் நான். உங்க பூனையைப் பார்க்கல, அதனால டோஸை மாத்தச் சொல்ல மாட்டேன், அது உங்க டாக்டரோட வேலை. ஆனா நீங்க எழுதினதுல மூணு நாலு இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல்ல அந்த டி.என்.எஸ். வேண்டவே வேண்டாம். அதுல 5% டெக்ஸ்ட்ரோஸும் சலைனும் சேர்ந்திருக்கு, கரைஞ்சிருக்கிறதோட செறிவு ரத்தத்தோடதைவிட ரெண்டு மடங்குக்குக் கிட்ட. தோலுக்கடியில போட்டா அது உடம்புக்குள்ள போறதுக்கு முன்னாடி, உடம்புல இருக்கிற தண்ணியை உருண்டைக்குள்ள இழுக்கும். ஏற்கெனவே வறண்ட பூனையை இன்னும் வறட்டின கதை. மேல சர்க்கரைத் தண்ணி தோலுக்கடியில தேங்கினா கிருமிக்குக் கொண்டாட்டம், சீழ் பிடிக்கும், தோல் செத்து உரியும். உரிஞ்ச முதுகோட வந்த பூனைக்குக் கட்டுப் போட்டிருக்கேன், அதனால சொல்றேன். சரி, தெம்புக்குன்னே வச்சுக்குவோம். 100 மி.லி.யில 5 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 17 கலோரி. 3.2 கிலோ பூனைக்குச் சும்மா படுத்துக் கிடக்கவே ஒரு நாளைக்கு 160, 170 கலோரி வேணும். ரெண்டு பெரிய ஸ்பூன் மீன் அதைவிடப் பெரிசு. பசிக்கலேன்னா குமட்டலுக்கு மருந்து இருக்கு, உங்க டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க.

உங்க ரிங்கர் லாக்டேட் பாட்டில் லேபிளைப் படிச்சிருக்கீங்களா? 100 மி.லி.யில சோடியம் குளோரைடு 0.6 கிராம், சோடியம் லாக்டேட் 0.32, பொட்டாசியம் குளோரைடு 0.04, கால்சியம் குளோரைடு 0.027ன்னு போட்டிருக்கும். அந்தத் துளி கால்சியத்துக்கு ஒரு கதை உண்டு. 1880-கள்ல லண்டன்ல சிட்னி ரிங்கர்ங்கிற டாக்டர் தவளை இதயத்தை உப்புத் தண்ணியில போட்டுத் துடிக்க வச்சுக்கிட்டிருந்தார். நல்லாத் துடிச்சுது. பார்த்தா, காய்ச்சி வடிச்ச தண்ணிக்குப் பதிலா குழாய்த் தண்ணியில கரைசல் கலந்திருக்காங்க. சுத்தமான தண்ணியில கலந்தா இதயம் சோர்ந்துபோச்சு. குழாய்த் தண்ணியில இருந்த கால்சியம்தான் வித்தியாசம். லாக்டேட் சேர்ந்தது பிறகு 1930-கள்ல, அமெரிக்காவில ஹார்ட்மன்ங்கிற குழந்தை டாக்டர் கையால. வேப்பேரி கால்நடை காலேஜ்ல எனக்கு இந்தக் கதை பரீட்சையில வரல, கேன்டீன்ல வந்தது. சொல்ல வந்தது, அது வெறும் தண்ணியில்ல, அளந்து கலந்த மருந்து. "சலைன்தானே"ன்னு சொல்ற வாயை எங்க பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும்.

அடுத்து, நூறையும் ஒரே இடத்துல போடப் பார்த்தீங்க. ஒரு இடத்துக்குக் கிலோவுக்கு 10-லிருந்து 20 மி.லி. வரைக்கும்தான் கணக்கு. 3.2 கிலோவுக்கு அறுபதைத் தாண்ட வேண்டாம். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஒண்ணு, கொஞ்சம் பின்னால தள்ளி ஒண்ணு. அடுத்த தடவை மறுபக்கம். வலி குறையும், காலுக்கு இறங்குறதும் குறையும். கால் வீங்கினது மட்டும்னா பூனைக்காரி அம்மா சொன்னதுதான் சரி, ஆறு எட்டு மணி நேரத்துல உறிஞ்சிடும். ரோமம் நனைஞ்சா ஊசி மறுபக்கம் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம், தரையில ஊத்துறீங்க.

அந்த 100 எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. பூனைக்கு ஒரு நாள் தேவை கிலோவுக்கு 40 மி.லி.ன்னு எடுப்போம், உங்க கருப்பிக்கு 128. வறட்சி 6%ன்னு வச்சா பாக்கி 192. அந்தப் பாக்கியைத்தான் முதல் ரெண்டு நாள் நரம்பு வழியா அடைச்சாங்க. இப்ப அவ குடிக்கிறதுக்கும் சிறுநீர்ல இழக்குறதுக்கும் நடுவுல விழற பள்ளத்துக்கு மட்டும்தான் இந்தப் பாட்டில். அதனாலதான் பூனையோட எடையைப் பார்க்கணும். வாரம் ரெண்டு தடவை, அதே தராசு, அதே நேரம். தோலைக் கிள்ளி விட்டுப் பார்க்கிறதை இந்த வயசுல முழுசா நம்பாதீங்க. மெலிஞ்ச கிழப் பூனைக்கு வறட்சி இல்லாமலே தோல் மெதுவாத்தான் இறங்கும். ஈறைத் தொடுங்க. வழுவழுன்னு இருந்தா சரி, விரல் ஒட்டினா வறட்சி.

எடை கூடினாலும் சந்தோஷப்பட்டுடாதீங்க. வயசான பூனைகள்ல சிலதுக்கு இதயச் சுவர் தடிச்சிருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. அதுக்கு நாம ஊத்துறது நுரையீரல்ல போய் நிக்கும். அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குறதை எண்ணுங்க. நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருக்கணும். முப்பதைத் தாண்டினா அன்னைக்கு ஊசி கிடையாது, டாக்டருக்குப் போன் போடுங்க. வாயைத் திறந்து மூச்சு விட்டா போன் போட்டுக்கிட்டிருக்காம கிளம்புங்க. நேத்துப் போட்டது வத்தலேன்னாலும் மேல போடக்கூடாது.

இளநீர் அத்தைக்கு என் வணக்கம். அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, சோடியம் கம்மி. கருப்பிக்கு பொட்டாசியம் எந்தப் பக்கம் சாயுதுன்னு ரத்தத்துல பார்க்காம அதைக் கொடுக்கக் கூடாது. அத்தையே குடிக்கட்டும், இந்த வெயிலுக்கு நல்லது.

அயனாவரம் கருப்பி வீடு:

டாக்டர், டி.என்.எஸ். ரெண்டையும் எடுத்து ஓரமா வச்சுட்டேன். படிச்சுக் காட்டினதுல மாமியாருக்குச் சிரிப்பு, "அவரே குடிக்கச் சொல்லிட்டாரு"ன்னு இன்னைக்கு ரெண்டு இளநீர் வாங்கிட்டாங்க.

ரெண்டு சந்தேகம். பாட்டிலைச் சுடவைக்கணுமா? பிரிச்ச பாட்டில் எத்தனை நாள் வரும்?

வேப்பேரியில் படித்தவன்:

ஃபேன் போட்ட அறைன்னா மே மாசத்துல ஒண்ணும் செய்ய வேண்டாம், மெட்ராஸே சுடவச்சுக் கொடுத்துடுது. ஏ.சி. அறையில இருந்ததுன்னா வெதுவெதுப்பான தண்ணி வாளியில பத்து நிமிஷம். மணிக்கட்டு உள்பக்கம் வச்சா சூடும் தெரியக் கூடாது, சில்லுனும் இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லுனு இருக்கும்.

பாட்டில் ஒரு தடவைக்குன்னே செஞ்சது. செலவைப் பார்த்து வீட்டுல மிச்சம் வைக்கிறாங்க. வச்சா, குத்தின தேதியை மார்க்கர்ல எழுதுங்க, ட்யூப் செட்டைக் கழட்டாதீங்க, ஒவ்வொரு குத்துக்கும் புது ஊசி. எத்தனை நாள்ங்கிறதை உங்க டாக்டர் சொல்லட்டும், அவர் சொன்னதுக்கு மேல ஒருநாள்கூட வேண்டாம். கலங்கினாலோ ஏதாவது மிதந்தாலோ அப்பவே கொட்டிடுங்க.

அயனாவரம் கருப்பி வீடு:

நேத்து வியாழக்கிழமை போட்டோம். 18 நம்பர், ரெண்டு இடம். தராசுல பாட்டில் 512-லிருந்து 414. எட்டே நிமிஷம். முதல் குத்துக்கு ஒரு "ம்யாவ்", ரெண்டாவதுக்கு வீட்டுக்காரர் கையை நக்கிக்கிட்டே இருந்தா, அவர் விரல்ல நெத்திலி வாசனையாம். ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடிச்சு எண்ணினேன், 22. எழுந்து முறைச்சுட்டுத் திரும்பிப் படுத்தா, மறுபடி எண்ணினா 24. டாக்டர்கிட்ட குமட்டல் மாத்திரையும் கேட்டாச்சு, இன்னைக்கு வாங்கப் போறோம்.